பை, உறை, கவரிங், கவர் டிரைவ்: எல்லாம் ஒரே சொல்தானா?

கேள்வி இது: "கவர் என்றால் கடையில் தரும் பை, இல்லாவிட்டால் தபால் உறை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆங்கிலச் செய்தி படிக்க ஆரம்பித்ததும் இன்சூரன்ஸ் கவர், ஃபாரஸ்ட் கவர், கவர் அப், ஷார்ட் கவரிங், கவர் சார்ஜ் என்று வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் ஒரே சொல்லா, வேறு வேறா? எப்படி நினைவில் வைப்பது?"

ஒரே சொல்தான். ஆனால் அர்த்தங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், நாலாவது நாளே மறந்துவிடும். உங்களுக்கு மட்டுமல்ல, தமிழ் வழியாக ஆங்கிலத்துக்குப் போகிற எல்லோருக்குமே இந்தச் சொல்லில் ஒரே இடத்தில்தான் கால் தடுக்குகிறது. நமக்குக் கவர் என்பது கையில் பிடிக்கிற ஒரு பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் ஒரு செயல், பொருளெல்லாம் பிறகு வந்தது. ஒன்றின் மேல் இன்னொன்று வந்து படிவது, அவ்வளவுதான். எது மேலே வருகிறது, எதற்காக வருகிறது என்று இரண்டு கேள்வி கேட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

நானும் தடுக்கி விழுந்தவன்தான். பல வருடம் முன்பு லண்டனில் ஒரு கடையில் காய்கறி வாங்கிவிட்டு, கல்லாவில் இருந்த பெண்ணிடம் நம்மூர் பாணியில் ஒரு கவர் வேண்டும் என்று கேட்டேன். எதை மூட வேண்டும் என்றாள். இந்தக் காய்கறியைத்தான் என்றேன். அவள் ரொம்பப் பொறுப்பாக, கிண்ணங்களின் மேல் இழுத்து ஒட்டுவார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருள் எந்த வரிசையில் இருக்கிறது என்று கை காட்டினாள். அவள் மேல் தப்பே இல்லை. கவர் என்ற சொல்லுக்குப் பை என்ற அர்த்தம் அங்கே கிடையாது. அங்கே அது பேக். இலங்கைத் தமிழர்கள் சொப்பிங் பாக் என்பார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே திட்டம் தொடங்கிய பிறகும், "அண்ணே, ஒரு கவர் குடுங்க" என்பது மட்டும் மாறவில்லை, பார்த்தீர்களா.

சரி, தபால் உறையைக் கவர் என்கிறோமே, அதுவும் நாமே கிளப்பிவிட்டதா என்றால், இல்லை. அது சுத்தமான பழைய ஆங்கிலம். 1840-க்கு முன்பு பிரிட்டனில் கடிதத்துக்கான கட்டணத்தைத் தூரத்தையும் எத்தனை தாள் என்பதையும் வைத்துக் கணக்கிட்டார்கள், எடையை வைத்து அல்ல. அதனால் கடிதத்தை இன்னொரு தாளில் சுற்றி அனுப்பினால் அந்தச் சுற்றின தாளுக்கும் காசு. பெரும்பாலானவர்கள் எழுதின தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, முதுகில் முகவரி எழுதி அனுப்பிவிடுவார்கள். மேலே சுற்றுகிற அந்தத் தாளுக்குப் பெயர்தான் கவர். ரோலண்ட் ஹில் சொன்ன சீர்திருத்தத்தின்படி 1840-ல் அரை அவுன்ஸ் வரை நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி என்று ஆனது, அந்த மே மாதம் பென்னி பிளாக் தபால்தலையும் வந்தது. அப்புறம்தான் உறை போட்டு அனுப்புவது எல்லோருக்கும் கட்டுப்படியானது. இந்தியாவில் 1854-ல் அரை அணாவுக்கு ஒரே சீரான கட்டணம் வந்தது. அவர்கள் ஊரில் காலப்போக்கில் என்வலப் என்ற சொல் வென்றுவிட்டது, நம் ஊரில் பழையதே தங்கிவிட்டது. அங்கேயும் அது முழுக்கச் சாகவில்லை. தபால்தலை சேகரிப்பவர்களின் 'ஃபர்ஸ்ட் டே கவர்', அதாவது புதுத் தபால்தலை வெளிவந்த நாளின் முத்திரை குத்திய உறை, அதுதான், அலுவலகக் கடிதங்களில் 'அண்டர் செபரேட் கவர்', அதாவது தனி உறையில் அனுப்புகிறோம், என்று எழுதுவதும் அதுதான். நம் அரசு டெண்டர்களில் 'இரண்டு கவர் முறை' கேள்விப்பட்டிருப்பீர்கள். தகுதி விவரம் ஒரு உறையில், விலைப்புள்ளி இன்னொன்றில். முதலாவதில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். இன்று எல்லாம் கணினியில் பதிவேற்றினாலும் பெயர் கவர்தான். மொய்க் கவர் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு ரூபாய் நாணயத்தை முகப்பிலேயே ஒட்டி விற்கிற அந்த உறையை ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கிப் பாருங்கள், அரை மணி நேரம் ஆகும்.

இனி மூடுவதற்கு வருவோம். அகராதியைப் புரட்டினால் கவர் என்றால் 'மூடு' என்று இருக்கும். அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. நாம் கதவை மூடுகிறோம், கடையை மூடுகிறோம், கண்ணை மூடுகிறோம், குழம்புச் சட்டியையும் மூடுகிறோம். ஆங்கிலத்தில் முதல் மூன்றுக்கும் குளோஸ், கடைசிக்கு மட்டும் கவர். எப்படிப் பிரிப்பது? மூடுகிற பாகம் அந்தப் பொருளிலேயே இருந்தால் குளோஸ்: கதவுக்குக் கதவே இருக்கிறது, கடைக்கு ஷட்டர், கண்ணுக்கு இமை. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மேலே வைக்க வேண்டியிருந்தால் கவர். அதனால்தான் கண்ணை மூடினால் குளோஸ், கண்ணைப் பொத்தினால் கவர். இந்த ஒரு வித்தியாசம் தமிழில் ஏற்கெனவே எவ்வளவு அழகாக இருக்கிறது! உண்மையில் ஆங்கிலம் ஒற்றைச் சொல்லால் ஓட்டுகிற வேலைக்கு நம்மிடம் ஒரு கூடை வினைச்சொற்கள் இருக்கின்றன. குழந்தைக்குப் போர்த்துகிறோம், வாயைப் பொத்துகிறோம், கூரை வேய்கிறோம், கோழிக்குஞ்சைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்க்கிறோம், நோட்டுக்கு அட்டை போடுகிறோம், தலையணைக்கு உறை மாட்டுகிறோம், தலைக்கு முக்காடு போடுகிறோம், மேகம் கவிகிறது. இத்தனைக்கும் அங்கே கவர் ஒன்றே. ஆகவே மொழிபெயர்க்கும்போது அகராதி சொன்ன 'மூடு'வையே பிடித்துத் தொங்காமல், என்ன காட்சி என்று பார்த்துத் தமிழ் வினையைத் தேர்ந்தெடுங்கள்.

சொல்லின் பூர்வீகம் லத்தீன், 'கோ-ஒபெரிரே', நன்றாக மூடுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த வழியில் சில வேடிக்கைகள் நடந்தன. ஊரடங்குக்கு ஆங்கிலத்தில் கர்ஃபியூ என்கிறோமே, அதன் உள்ளே இருப்பது இதே கவர்தான்: பழைய பிரெஞ்சில் 'தீயை மூடு'. வீடுகளெல்லாம் மரமும் வைக்கோலுமாக இருந்த காலத்தில் ராத்திரி அடுப்புக் கங்கை மூடிவிட்டுத் தூங்கச் சொல்லி மணி அடிப்பார்கள், அந்த மணிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். நாம் ஊரை அடக்கினோம், அவர்கள் அடுப்பை அடக்கினார்கள். கர்ச்சீப் இன்னும் தமாஷ். பிரெஞ்சில் 'தலை மூடி' என்று பொருள்படும் சொல் தேய்ந்து கர்ச்சீப் ஆனது, தலையில் கட்டும் துணி. அதைக் கையில் வைத்துக்கொண்டதும் முன்னால் ஹேண்ட் சேர்த்து ஹேண்ட்கர்ச்சீப் என்றார்கள், அதாவது 'கைத் தலைமூடி'. கைக்குட்டை என்று சொல்லும் நாம் எவ்வளவோ தேவலை.

டிஸ்கவர் என்பதும் இதிலிருந்து வந்ததே, மூடியதைத் திறப்பது. ரெகவர் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. உடம்பு தேறுவது, கடனை வசூலிப்பது என்கிற ரெகவர் வேறொரு லத்தீன் வேரிலிருந்து, திரும்பப் பெறுதல் என்ற பொருளில் வந்தது. சாயல் ஒன்றாக இருப்பதால் சொந்தம் கொண்டாடுகிறோம். சோபாவுக்குத் துணி மாற்றிப் போட்டால் அது நடுவில் சிறு கோடு போட்டு எழுதும் ரீ-கவர். கோட்டை விட்டால் சோபா நோயிலிருந்து குணமாகிவிட்டது என்று ஆகிவிடும்.

இப்போது முதலில் சொன்ன அந்த 'எதற்காக'. மறைக்க மூடலாம், காக்க மூடலாம், சும்மா எட்டுகிற வரை பரவவும் செய்யலாம். செய்தித்தாளில் வரும் பயன்பாடுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் விழும், சில ஒன்றுக்கு மேற்பட்டதில் விழும்.

மறைப்பதில் பெயர் பெற்றது கவர் அப். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் திருட்டுத்தனமாக நுழைந்து பிடிபட்டார்கள். அதோடு போயிருந்தால் அது ஒரு சின்ன போலீஸ் கேஸ். அதை மூடி மறைக்கப் பணம் கொடுத்தது, விசாரணையைத் திசைதிருப்பப் பார்த்தது, இதெல்லாம் சேர்ந்துதான் 1974 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். தப்பை விட அதைப் பூசி மெழுகியது பெரிய தப்பாகிப் போனது. நாம் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்கிறோமே, அதுதான் கவர் அப்.

உளவாளிக்கும் ஒரு கவர் உண்டு. அது துணி இல்லை, பொய்யான அடையாளம். 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டபோது ஆறு பேர் மட்டும் தப்பி கனடா தூதரக அதிகாரிகளின் வீடுகளில் ஒளிந்திருந்தார்கள். அவர்களைச் சினிமா எடுக்க இடம் பார்க்க வந்த கனடாக்காரர்கள் என்று வேஷம் கட்டி, 1980 ஜனவரியில் விமானம் ஏற்றி வெளியே கொண்டுவந்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அந்த வேஷம் நிற்பதற்காக ஹாலிவுட்டில் ஒரு போலி சினிமாக் கம்பெனிக்கு ஆபீஸ் போட்டு, சினிமாப் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார்கள். அந்தக் கட்டுக்கதைதான் 'கவர் ஸ்டோரி'. ஆனால் வார இதழில் கவர் ஸ்டோரி என்றால் அட்டைப்படக் கட்டுரை. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. நிருபர் ஒரு நிகழ்ச்சியைக் கவர் செய்வது மூன்றாவது வகை, பரவுதல்: முழுக்கச் சுற்றி வந்து எழுதுவது. பத்திரிகைக்காரர்களிடம் ஒரு பழைய நக்கல் உண்டு, கவர் பண்ணப் போகிறவருக்குக் கவர் கிடைக்குமா என்று. எந்தக் கவர் எது என்று உங்களுக்கே இப்போது புரியும்.

காப்பதற்கு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது இன்சூரன்ஸ். இதில் சின்னதாக ஒரு எச்சரிக்கை. 'ஐந்து லட்சம் கவர்' என்றால் ஐந்து லட்சம் தருவார்கள் என்று பலர் படித்துவிடுகிறார்கள். ஐந்து லட்சம் வரை என்று படிக்க வேண்டும். வங்கி வைப்புக்கு இருக்கும் காப்பீடு 2020 பிப்ரவரியில் 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் ஆனதே, அதுவும் அப்படித்தான். ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளையிலும் உள்ளதைக் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. போர்வை அந்த நீளம்தான், அதற்கு மேல் கால் நீட்டினால் வெளியே தெரியும்.

ஆனால் என்னைக் கேட்டால் நம் ஊரில் இந்தச் சொல்லைச் சரியான அர்த்தத்தில், தினமும், உயிர் போகிற விஷயத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் கட்டட வேலைக்காரர்கள்தான். கான்கிரீட்டில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் இருக்கும் கான்கிரீட்டின் கனத்துக்குக் கவர் என்று பெயர். கம்பி கட்டி முடித்ததும் அடியில் சிறு சிறு கட்டைகளை வைப்பார்களே, அது கவர் பிளாக். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சூழலில் 20 மில்லிமீட்டர், மிதமான சூழலில் 30, கடற்கரைச் சூழலுக்கு நேராக நிற்கிற இடத்தில் 45 என்று கேட்கிறது. தூணுக்குப் பொதுவாக 40, அஸ்திவாரத்துக்குக் குறைந்தது 50. ஏன் இந்தக் கெடுபிடி என்றால், ஈரமும் உப்புக்காற்றும் கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடிக்கும், துரு என்பது அது உண்டான இரும்பை விட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், இடம் இல்லாவிட்டால் மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பழைய அடுக்குமாடிகளில் மேல்தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதில் பல இடங்களில் கவர் போதவில்லை என்பதுதான் கதை. கவர் பிளாக்குக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியை அடியில் சொருகிவிட்டுப் போகிற வேலை இன்றும் நடக்கிறது, கான்கிரீட் கொட்டும்போது அது நகர்ந்து கம்பி பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும். வீடு கட்டுகிறீர்கள் என்றால் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்து பாருங்கள், மேஸ்திரி முறைத்தால் முறைக்கட்டும்.

கவரிங் நகை இதற்கு நேர் எதிர்: இங்கே மேலே இருப்பதுதான் விலை உயர்ந்தது. செம்பிலோ பித்தளையிலோ நகை செய்து மேலே தங்க முலாம். சிதம்பரம் கவரிங் என்று ஊர் பெயரோடு சொல்லி விற்கிற அளவுக்குத் தமிழில் வேர்விட்ட சொல் இது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் போய் கவரிங் செயின் என்றால் யாருக்கும் புரியாது, கோல்டு பிளேட்டட் என்று சொல்ல வேண்டும்.

பரவுதலில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது ஃபாரஸ்ட் கவர். இதைக் 'காடு' என்று மொழிபெயர்த்துவிட்டுத்தான் டிவி விவாதத்தில் சண்டை போடுகிறார்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக் கிளைகளின் விதானம் 10 சதவீதமாவது கவிந்திருந்தால் அது ஃபாரஸ்ட் கவர். நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது, அதற்குத் தெரிவது போர்வை மட்டும், போர்வைக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் தைல மரமும் சோலைக்காடும் அந்தக் கணக்கில் ஒன்றாக நிற்கும். 2023 அறிக்கை நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம் என்றது. அது பொய்யில்லை, ஆனால் அவ்வளவும் காடு என்று படித்தால் நாம்தான் ஏமாறுகிறோம். கவர் என்ற சொல் அங்கே ரொம்ப நேர்மையாகத்தான் நிற்கிறது. மரக்கவிகை என்று மொழிபெயர்த்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றும்.

ஆசிரியர்கள் 'போர்ஷன் கவர் பண்ணியாச்சு' என்பதும் இதே பரவுதல். புரிந்ததா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் உத்தரவாதம் தராது, கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 300 கிலோமீட்டர் கவர் செய்தோம், சம்பளம் செலவைக் கவர் செய்கிறது என்பவையும் அதே இனம்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷார்ட் கவரிங்: கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்றவர், திருப்பிக் கொடுப்பதற்காக வாங்கி ஓட்டையை அடைப்பது. எல்லோரும் ஒரே நேரத்தில் அடைக்க ஓடினால் விலை எகிறும். 2008 அக்டோபரில் ஃபோக்ஸ்வாகன் பங்கு 1,000 யூரோவைத் தாண்டி, கொஞ்ச நேரம் உலகிலேயே அதிக மதிப்புள்ள கம்பெனியாக அது இருந்தது இப்படித்தான். கவர் சார்ஜ்: ஓட்டலில் சாப்பாட்டு விலை போக ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணம். பிரெஞ்சு வழக்கத்தில் ஒரு ஆளுக்கு மேஜையில் பரப்பும் தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாம் சேர்ந்து ஒரு கவர், அதனால்தான் ஓட்டல்காரர்கள் இன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை எத்தனை கவர் என்று கேட்பார்கள். நம் இலை கணக்கு மாதிரி. கவர் பாட்டு: ஒருவர் பாடியதை இன்னொருவர் தன் குரலில் பாடுவது. 1974-ல் டாலி பார்ட்டன் தானே எழுதிப் பாடி வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாட, உலகத்தில் பாதிப் பேர் அது ஹூஸ்டன் பாட்டு என்றே நினைக்கிறார்கள். அமெரிக்க மரைன் படையில் தொப்பிக்கே கவர் என்றுதான் பெயர். பிரிட்டனில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் 'பிரேக்கைக் கவர் பண்ணு' என்றால் மிதிக்கக் கூடாது, மிதிக்கத் தயாராகக் காலை அதன் மேல் வைத்திருக்க வேண்டும். முதல் பாடத்திலேயே இது தெரியாமல் அழுத்திவிட்டு, பின்னால் வந்தவரிடம் ஹாரன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கிரிக்கெட்டில் கவர் என்பது ஆஃப் பக்கத்தில் பாயிண்ட்டுக்கும் மிட் ஆஃபுக்கும் நடுவில் இருக்கும் இடம். பாயிண்ட்டில் நிற்பவருக்குத் துணையாக, அவர் விட்டதைப் பிடிக்க நிற்பவர் என்ற பொருளில் கவர் பாயிண்ட் என்று ஆரம்பித்துப் பிறகு சுருங்கியது. அந்த வழியாக அடிப்பது கவர் டிரைவ். பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு ஆபத்து, விளிம்பில் பட்டால் ஸ்லிப்பில் கேட்ச். 2004 ஜனவரி சிட்னி டெஸ்ட்டில், அந்தத் தொடரில் ஆஃப் பக்கம் டிரைவ் ஆடப் போய் அவுட் ஆகிக்கொண்டிருந்த சச்சின், கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்துவிட்டு 436 பந்துகளில் 241 நாட் அவுட். ஒரு ஷாட்டை ஆடாததற்காக நினைவில் நிற்கிற இன்னிங்ஸ் வேறு எனக்குத் தெரியவில்லை. மழை வந்தால் மைதானத்தில் இழுத்து மூடும் தார்ப்பாய்க்கும் கவர்ஸ் என்றே பெயர்.

எழுதும்போது பின்னால் வருகிற சின்னச் சொற்களில் கவனம் வையுங்கள். சேறு, ரத்தம் மாதிரி அப்பிக்கொண்டிருந்தால் 'கவர்டு இன்', துணியால் மூடியிருந்தால் 'கவர்டு வித்', சட்டமோ பாலிசியோ காப்பாற்றினால் 'கவர்டு பை'. லீவில் இருப்பவருக்குப் பதில் நீங்கள் வேலை பார்த்தால் 'கவர் ஃபார்'. விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தை நம் ஆபீஸ்களில் கவரிங் லெட்டர் என்பார்கள், கவர் லெட்டர் என்றாலும் சரிதான்.

கடைசியாக ஒன்று, இது ஆங்கிலமே இல்லை. தமிழில் 'கவர்' என்று நமக்கே ஒரு பழைய வினை இருக்கிறது: பறித்துக்கொள், ஈர்த்துக்கொள். 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்று குறளில் வருவதும், கவர்ச்சி என்பதும் அதுவே. காலேஜ் பையன்கள் 'அவளைக் கவர் பண்றான்', 'மேனேஜரைக் கவர் பண்ணிட்டான்' என்று சொல்வதில் எனக்கு என்னவோ இந்தத் தமிழ்க் கவரும் அந்த ஆங்கிலக் கவரும் கூட்டு சேர்ந்துவிட்டதாகவே படுகிறது. தமிழில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அப்படியே எழுதிவிட்டால், மேனேஜருக்கு நீங்கள் போர்வை போர்த்திவிட்டதாகத்தான் படிப்பார்கள்.